தேர் நிலைக்கு வந்ததா? கைப்பேசிச் செயலியில் நிலையும் சோதனையும்

பெங்களூரு, புனே, ஐதராபாத், நொய்டா என்று பிழைப்புக்காக வந்து வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளையோ மருமகளோ கைப்பேசிச் செயலி எழுதும் வேலையில் இருக்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், "டெஸ்ட் ஃபெயில் ஆகுது அத்தை, நீங்க சாப்பிடுங்க" என்ற குரல் இந்த வீடுகளில் சகஜம். "செயலிதான் நல்லா வேலை செய்யுதே, அப்புறம் என்ன டெஸ்ட்?" என்று பெரியவர்கள் கேட்பதும் சகஜம். கேள்வி நியாயமானதே. அதற்குக் கணினி படிக்காதவர்களுக்கும் புரியும்படி விடை சொல்ல இக்கட்டுரையில் முயல்கிறேன். அந்தத் துறையில் இருக்கும் இளையவர்களுக்கும் கடைசியில் ஒரு வார்த்தை உண்டு.

நிலை என்னும் சொல்

ஸ்டேட் என்று கணினிக்காரர்கள் சொல்வதைத் தமிழில் நிலை என்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் அகப்படாது. உடல்நிலை, மனநிலை, வானிலை என்று, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று இந்த நொடியில் எப்படி இருக்கிறது என்பதை அச்சொல் குறிக்கிறது. கோயில் தேர் நிற்கும் இடத்துக்கும் நிலை என்றுதான் பெயர். திருவாரூரிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தேர் வீதிகளைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் "தேர் நிலைக்கு வந்தாச்சு" என்பார்கள். அதுவரை யாருக்கும் நிம்மதி கிடையாது. இந்த உவமை பின்னால் நமக்கு உதவும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு தமிழ்ச் சங்கம் பொங்கல் விருந்துக்குச் சாப்பாட்டுக் கூப்பன் விற்க ஒரு செயலி செய்கிறது. கூப்பன் ஒன்று 150 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 6 கூப்பனுக்கு மேல் கிடையாது. இப்போது யார் உள்நுழைந்திருக்கிறார், எத்தனை கூப்பன் எடுத்திருக்கிறார், மொத்தத் தொகை எவ்வளவு, பணம் கட்டியாயிற்றா, காத்திருக்கிறதா, தோல்வியா? இந்த விவரங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் செயலியின் நிலை.

இவற்றைத் திரைக்குத் திரை சிதறவிட்டால் ஒரு திரை 4 கூப்பன் என்று காட்டும், இன்னொன்று 3 என்று காட்டும். ஆகவே நிலையை ஓரிடத்தில் வைத்து, ஒழுங்கான வழியில் மட்டுமே மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. இணையச் செயலிகளுக்காக 2015-இல் ரீடக்ஸ் வந்தது. கூகுளின் பிளட்டர் என்னும் கருவியின் முதல் முழுப் பதிப்பு 2018 டிசம்பரில் வெளியானது. அதை ஒட்டிப் பரவிய முறைகளில் பிளாக் என்பது ஒன்று. பெயர்கள் வேறானாலும் கருத்து ஒன்றுதான். "கூப்பன் சேர்" என்று ஒரு நிகழ்வு உள்ளே போகும், புதிய நிலை ஒன்று வெளியே வரும், அந்த நிலை எப்படியோ அப்படியே திரை வரைந்து காட்டும்.

விடை தெரிந்த கணக்கு

அலகுச் சோதனை, அதாவது யூனிட் டெஸ்ட், என்பது விடை தெரிந்த ஒரு கணக்கைக் கணினிக்குக் கொடுத்துப் பார்ப்பது. 2 கூப்பன் சேர்த்தால் 300 ரூபாய் வர வேண்டும். ஏழாவது கூப்பன் கேட்டால் மறுக்க வேண்டும். இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் எழுதி வைப்பார்கள். நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் உடனே அத்தனையையும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. மென்பொருளில் அது செல்லாது. இங்கே ஒரு பருக்கை வெந்தது என்பதால் பக்கத்துப் பருக்கை வெந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இந்தப் பழக்கத்தைப் பரப்பிய கருவிகளில் முக்கியமானது ஜேயூனிட். ஜாவா மொழிக்கான இக்கருவியை 1997-இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு என்ற வழக்கம் இத்தகைய கருவிகளால் நிலைபெற்றது.

சிவப்பு வந்தால் நிரலில் பிழை, அதைத் திருத்தினால் முடிந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் மூன்று இடங்களில் கோளாறு இருக்கலாம். நிரல் தவறாக இருக்கலாம், சோதனை தவறாக இருக்கலாம், அல்லது இரண்டும் சரியாக இருந்து, தொடங்கும்போது இருந்த நிலை நாம் நினைத்த நிலையாக இல்லாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது. நிலை சம்பந்தமான சோதனைகளில் திரும்பத் திரும்ப வருகிற நான்கு வகைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: இரண்டு நூறு ரூபாய் நோட்டு

சோதனை இப்படி ஒரு செய்தி சொல்லும்: எதிர்பார்த்தது கூப்பன் நிலை, கிடைத்தது கூப்பன் நிலை, ஆகவே தோல்வி. "ரெண்டும் ஒண்ணுதானே, என்ன விளையாட்டு இது?" என்று புதிதாக வருபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

உங்கள் பையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு, என் பையில் ஒன்று. இரண்டும் ஒன்றா? மதிப்பைக் கேட்டால் ஒன்றுதான். வரிசை எண்ணைப் பார்த்தால் வேறுவேறு. பிளட்டர் பயன்படுத்தும் டார்ட் மொழி, நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, வரிசை எண்ணைப் பார்ப்பது போலத்தான் இரண்டு பொருள்களை ஒப்பிடும். உள்ளடக்கம் அச்சாக ஒன்றாக இருந்தாலும் வேறு என்றே சொல்லும். மதிப்பை வைத்து ஒப்பிடு என்று நாம் எழுதித் தர வேண்டும். ஈக்விடபிள் என்ற துணைநிரல் இதற்கென்றே இருக்கிறது. எந்தெந்த விவரங்களை ஒப்பிட வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் தருவார்கள்.

இங்கே இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி என்று பின்னால் ஒரு விவரத்தை நிலையில் சேர்க்கிறோம், ஒப்பிடும் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறோம் என்று வையுங்கள். தள்ளுபடி தவறாக இருந்தாலும் இரண்டு நிலையும் சமம் என்றே சோதனை சொல்லும். சிவப்பு பொய் சொல்வதுபோல் பச்சையும் பொய் சொல்லும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டு: அழித்து எழுதிய கணக்கு

இந்த வகையில், ஒரு புதிய நிலை வரும் என்று எதிர்பார்த்தோம், ஒன்றுமே வரவில்லை என்று சோதனை சொல்லும். நிரலைப் பார்த்தால் கூப்பன் சேர்க்கும் வரி பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஏன் வரவில்லை?

அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய வரவு வந்தால் புதிய வரியில் எழுத வேண்டும். பழைய வரியையே அழித்து மேலே எழுதிவிட்டால், நேற்று என்ன இருந்தது, இன்று என்ன மாறியது என்று யாருக்கும் தெரியாது. நிரலிலும் அதேதான். பழைய நிலையில் இருந்த பட்டியலையே எடுத்து, அதிலேயே ஒரு கூப்பனைச் சேர்த்து, புதிய நிலை என்று பெயர் சூட்டி அனுப்புகிறார்கள். பிளாக் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியல் இரண்டிலும் ஒன்றேதான், அதனால் மதிப்பும் சமம். "மாற்றம் ஒன்றும் இல்லையே" என்று அதை வெளியே விடாமல் நிறுத்திவிடுகிறது. திரையும் மாறாது.

இங்கே சோதனையின் மேல் குற்றமில்லை. பயனாளர் பொத்தானைத் தட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி மறுபடி தட்டுகிறார். உள்ளே பட்டியலில் கூப்பன்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பழையதைத் தொடாமல், அதன் நகல் ஒன்றை எடுத்து அதில் சேர்ப்பதுதான் மருந்து.

மூன்று: சீக்கிரம் திறந்த இட்லிப் பானை

பணம் செலுத்துவது, கூப்பன் மிச்சம் எவ்வளவு என்று சர்வரைக் கேட்பது போன்றவை உடனே நடப்பவை அல்ல. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சோதனையோ காத்திருக்காமல் போய்ப் பார்த்துவிட்டு, "விடை வரலே" என்று சிவப்பு காட்டும். இரண்டு நிமிஷத்தில் மூடியைத் திறந்துவிட்டு மாவு சரியில்லை என்று குறை சொல்வதற்குச் சமம் இது.

அவசரத்தில் பலர் செய்யும் வைத்தியம், சோதனைக்குள் 2 விநாடி சும்மா இரு என்று எழுதிவிடுவது. தங்கள் கணினியில் அது தேறும். வேலைப்பளு மிகுந்த வேறொரு கணினியில் தோற்கும். திங்கட்கிழமை பச்சை, செவ்வாய்க்கிழமை சிவப்பு என்று ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஆடும் சோதனையை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாத சோதனை இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

சரியான வழி இரண்டு. முதலாவது, நிஜ சர்வருக்குப் பதிலாக ஒரு டூப் போடுவது. சினிமாவில் கதாநாயகனுக்கு டூப் போடுவதுபோல, கேட்டால் நாம் சொல்லிவைத்த விடையைத் தரும் ஒரு பொம்மை சர்வர். பணம் கட்டுவது தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த டூப்பை வைத்துத்தான் பார்க்க முடியும். இரண்டாவது, கடிகாரத்தையே நம் கையில் எடுத்துக்கொள்வது. பொய்க் கடிகாரம் ஒன்றை வைத்து, இப்போது 30 விநாடி கடந்துவிட்டது என்று சொன்னால் நிரல் நம்பிவிடும். 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் ரத்து செய் என்ற விதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சோதித்துவிடலாம்.

நான்கு: தனியே தேறும், கூட்டத்தில் தோற்கும்

நான்கிலும் கடினமானது இதுதான். 40 சோதனைகள் இருக்கின்றன. சேர்ந்து ஓட்டினால் பதினேழாவது சிவப்பு. அதை மட்டும் தனியாக ஓட்டினால் பச்சை. "இதுல பேய் புகுந்திருக்கு" என்று நண்பர்கள் சிரிப்பார்கள். பேய் இல்லை, மிச்சம்தான் இருக்கிறது. தேர் நிலைக்கு வராமல் வீதியில் நிற்கும்போதே அடுத்த உற்சவத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. பதினேழாவதற்கு முன்னால் 16 சோதனைகள். முதல் எட்டோடு சேர்த்துப் பதினேழை ஓட்டிப் பாருங்கள். தேறிவிட்டால் குற்றவாளி பின் எட்டில் இருக்கிறது. அதைப் பாதியாக்குங்கள், மறுபடி பாதியாக்குங்கள். குற்றவாளி ஒன்றே என்றால் நான்கு தடவையில் அகப்பட்டுவிடும். சோதனைகளின் வரிசையைக் குலுக்கிப்போட்டு ஓட்டும் வசதியும் பிளட்டரில் இருக்கிறது. எந்த எண்ணை வைத்துக் குலுக்கியது என்று சொல்லும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். ஆகவே இன்று வந்த சிவப்பை நாளையும் வரவழைத்துப் பார்க்கலாம்.

நம் எடுத்துக்காட்டில் குற்றவாளி ஒன்பதாவது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதில் ஓர் உறுப்பினர் 4 கூப்பன் எடுக்கிறார். பதினேழில் வேறோர் உறுப்பினர் புதிதாக உள்நுழைகிறார், அவர் கணக்கில் பூஜ்யம் இருக்க வேண்டும். இருப்பது 4. சோதனைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை பிளாக்கை உருவாக்கி, அதையே எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் புதிதாக ஒன்றை உருவாக்கி, முடிந்ததும் மூடிவிட்டால் தீர்ந்தது. தினமும் வாசல் தெளித்துவிட்டுக் கோலம் போடுகிறோம், நேற்றைய கோலத்தின் மேலேயே யாரும் போடுவதில்லை. இவ்வளவும் செய்தால் 40-ம் பச்சை. வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும்.

இங்கேதான் நிற்க வேண்டும் என்று நான் சொல்வேன். சோதனையில் மிச்சம் தங்கியது என்றால், செயலியிலும் தங்குமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது. நம்மில் பல வீடுகளில் ஒரு கைப்பேசியை இரண்டு மூன்று பேர் பயன்படுத்துகிறோம். மகன் உள்நுழைந்து 4 கூப்பன் எடுத்துவைக்கிறான், பணம் கட்டாமல் வெளியேறுகிறான். அடுத்து அதே கைப்பேசியில் அம்மா தன் பெயரில் உள்நுழைகிறார். செயலி முழுவதுக்கும் ஒரே பிளாக்தான், வெளியேறும்போது அதைத் துடைக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை என்றால், அம்மாவின் கணக்கில் 4 கூப்பன், 600 ரூபாய் நிற்கும். அவர் தனக்கு ஒன்று சேர்த்துக் கட்டினால் 750 ரூபாய் போய்விடும். சாப்பாட்டுக் கூப்பனுக்குப் பதில் அது வங்கிச் செயலியாகவோ மருத்துவ அறிக்கை காட்டும் செயலியாகவோ இருந்தால் விளைவை நீங்களே யூகிக்கலாம்.

அந்தப் பதினேழாவது சோதனை கூட்டத்தில் தோற்றபோது உண்மையைத்தான் சொன்னது. அதைத் தனிமைப்படுத்திப் பச்சையாக்கியபோது அந்த உண்மையும் சேர்ந்து மறைந்துவிட்டது. ஆகவே தனிமைப்படுத்துவதோடு நிற்காமல், வெளியேறிய பிறகு நிலை தொடக்க நிலைக்கே வர வேண்டும் என்று ஒரு புதிய சோதனையையும் எழுத வேண்டும். செயலியின் தேரும் நிலைக்கு வந்ததா என்று கேட்கும் சோதனை அது.

திரையில் ஒன்று, உள்ளே ஒன்று

நிலை பிசகினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. தெராக்-25 என்பது கனடாவில் உருவாக்கப்பட்ட புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனால் இறந்தனர்.

அந்த இயந்திரத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று எக்ஸ்ரே, மற்றொன்று எலக்ட்ரான். 1986-இல் டெக்சாஸில் நடந்த விபத்தில், இயக்குபவர் எக்ஸ்ரே என்று தவறாகத் தட்டிவிட்டு, மேலே போய் எலக்ட்ரான் என்று விரைவாகத் திருத்தினார். உள்ளே காந்தங்கள் அமைந்துமுடிய ஏறத்தாழ 8 விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்கவில்லை. திரையில் எலக்ட்ரான் என்று இருந்தது, இயந்திரத்தின் உள்நிலை வேறாக இருந்தது. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். மெதுவாகத் தட்டினால் ஒன்றுமில்லை, வேகமாகத் தட்டினால் அதே பிழைச் செய்தி வந்தது. அப்போதுதான் காரணம் வெளிப்பட்டது. முந்தைய மாடலான தெராக்-20-இலும் இதே பிழை இருந்ததாகப் பின்னர் தெரிந்தது. அதில் தனியான வன்பொருள் பூட்டுகள் காத்து நின்றதால் யாருக்கும் தீங்கு நேரவில்லை.

எப்போதாவதுதானே வருகிறது என்று ஒரு பிழையைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எப்போதாவது வருவது என்றால், எந்த வரிசையில், எந்த வேகத்தில் வருகிறது என்பது நமக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

இளையவர்களுக்கு

சிவப்பைக் கண்டதும் கை முதலில் போகும் இடம், எதிர்பார்த்த விடையை எழுதிய வரி. 0 என்று இருப்பதை 4 என்று மாற்றிவிட்டால் உடனே பச்சை. அல்லது "இந்த ஒண்ணை மட்டும் இப்போதைக்கு விட்டுடலாம்" என்று தாண்டிப் போகச் சொல்லிவிடலாம். வெளியிடும் நாள் நெருங்க நெருங்க இந்த ஆசை வலுக்கும், மேலே இருப்பவர்களும் அவசரப்படுத்துவார்கள். இது பரீட்சையில் பையன் எழுதிய விடைக்கு ஏற்ப விடைத்தாளின் திறவுகோலைத் திருத்துவதற்கு ஒப்பாகும். அந்த விடை ஏன் மாற வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாக்கியத்தில் விளக்க முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பழகுங்கள். ஒப்பிடுவது மதிப்பையா, பொருளையா? பழைய நிலையை யாராவது தொட்டுவிட்டார்களா? விடை வரும்வரை காத்திருந்தோமா? தொடங்கும்போது தேர் நிலையில்தான் இருந்ததா? பெரும்பாலான சிவப்புகள் இந்த நான்கில் ஒன்றில் அடங்கிவிடும். அடங்கியபின் ஐந்தாவதாக ஒன்று கேளுங்கள்: சோதனையில் கண்ட இந்தக் கோளாறு நிஜச் செயலியிலும் நடக்குமா?

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர், சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர இல்லை என்று நிரூபிக்க முடியாது என்ற கருத்தை 1969-இலேயே முன்வைத்தார். ஆகவே 40 பச்சை வந்தாலும் செயலி குற்றமற்றது என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு சிவப்பு வந்தால் அதற்கு ஒரு காரணம் கட்டாயம் உண்டு.

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு என் விடை இதுதான். செயலி நன்றாக வேலை செய்கிறது என்பது, ஒருவர், ஒரு தடவை, ஒரு வரிசையில் தட்டிப் பார்த்தபோது தெரிந்த செய்தி. அடுத்தவர் வேறு வரிசையில் தட்டுவார், வேகமாகத் தட்டுவார், முன்னால் பயன்படுத்தியவரின் மிச்சத்தின் மேல் தட்டுவார். அவர் கட்டும் பணம் அவர் கணக்கிலேயே சேர வேண்டும் என்பதற்காகத்தான் பிள்ளைகள் அந்தச் சிவப்பின் காரணம் தெரியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.